அறுபத்து நாலு பொய் பட்டன்கள்

ஓடாத இயந்திரங்களைச் செய்து கொடுப்பது என் தொழில். ராக்கெட் என்றால் பறக்காது, ரோபோ என்றால் நடக்காது, விண்வெளித் துப்பாக்கி என்றால் சுடாது. ஆனால் பார்க்கிறவர்களுக்கு அடுத்த நிமிஷம் பறந்துவிடும், நடந்துவிடும், சுட்டுவிடும் என்று தோன்ற வேண்டும். சாமான்கள் எல்லாம் உங்கள் வீட்டில் இருப்பவைதான். தெர்மகோல், அட்டைப்பெட்டி, கிழிந்த யோகா மேட், ஷாம்பு மூடி, முட்டை அட்டை, சூடான பசை. சாப்பாட்டு மேஜையில் பழைய பேப்பரை விரித்து எதையோ ஒட்டிக்கொண்டிருக்கும்போது, பின்னாலிருந்து "இது எதுக்கு?" என்று ஒரு குரல் கேட்டிருக்கிறதா உங்களுக்கு? அப்படியானால் நீங்கள் என் இனம். உங்களுக்குச் சொன்னால்தான் புரியும்.

நான் பிறந்து வளர்ந்தது பெங்களூர் ஜீவனஹள்ளியில். ஏழாவது வரைக்கும் தமிழில் படித்தேன், அதற்கு மேல் கன்னடத்தில். அதனால் எந்த மொழியில் திட்டினாலும் முழுசாக உறைக்கும். பதினாறு வருஷம் வளைகுடாவில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஒரு ஆலையின் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருந்தேன். என் முன்னால் சுவர் நீளத்துக்கு நிஜமான பட்டன்கள், நிஜமான விளக்குகள். அவற்றில் பாதியை நான் தொட்டதே இல்லை. பச்சை விளக்கு பச்சையாகவே எரிகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. எங்கள் பிரிவை மூடியபோது நாற்பத்தேழு வயதில் ஊருக்குத் திரும்பினேன். இப்போது அதே மாதிரி பட்டன்களை ஷாம்பு மூடியில் செய்கிறேன். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று சில சமயம் யோசிப்பதுண்டு. பதில் வருவதற்குள் பசை காய்ந்துவிடும்.

பறக்காத ராக்கெட்

என் முதல் வாடிக்கையாளர் பிரேசர் டவுனிலிருந்து வந்த ஒரு அம்மா. மகளுக்குப் பள்ளியில் மாறுவேடப் போட்டி, விண்வெளி வீராங்கனை வேஷம். முதுகில் மாட்டிக்கொள்ள ஒரு ராக்கெட் வேண்டும் என்றார். இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில் இரண்டை எடுத்து, வெள்ளிப் பெயிண்ட் அடித்து, அடியில் மண்ணெண்ணெய் ஊற்றும் புனல் இரண்டைப் பொருத்தினேன். புனலிலிருந்து சிவப்பும் மஞ்சளுமாகக் காகிதச் சுடர் தொங்கியது. பழைய ஸ்கூல் பையின் பட்டையை வெட்டித் தைத்தேன். இரண்டு நாள் வேலை. வாங்கும்போது அந்த அம்மா கண்ணில் ஒரு மரியாதை தெரிந்தது. நான் அதை நம்பிவிட்டேன்.

போட்டி முடிந்த மறுநாள் ராக்கெட்டோடு திரும்பி வந்தார். குழந்தை மேடையில் கண்ணை மூடிக்கொண்டு மூன்று தடவை குதித்துப் பார்த்ததாம். நாலாவது தடவை அழுதுவிட்டதாம். "பரிசு எதுவும் கிடைக்கலையா?" என்று கேட்டேன். "ரெண்டாவது பரிசு கிடைச்சது, அது பிரச்சினை இல்ல," என்றார். உள்ளே இருப்பது பாட்டில், புனல், காகிதம் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அதெல்லாம் எனக்குத் தெரியுது சார். ஆனா குடுக்கும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்ல, இது பறக்காதுன்னு."

குக்கர் வளையம்

விண்கலத்து ஜன்னலுக்குக் குக்கர் மூடியின் ரப்பர் வளையத்தை விடச் சிறந்த விளிம்பு இந்த உலகத்தில் கிடையாது. சரியான வட்டம், சரியான தடிப்பு, பெயிண்ட் அடித்தால் உலோகம் மாதிரியே நிற்கும். எங்கள் வீட்டில் தேய்ந்துபோன வளையம் ஒன்று கிடந்தது. அதைத்தான் எடுத்தேன் என்று இன்றைக்கும் நம்புகிறேன். அட்டையில் ஒட்டி, வெள்ளி அடித்து, கறுப்பில் திருகாணிப் புள்ளிகள் வைத்து முடித்த பிறகுதான் சமையலறையில் விசில் சத்தமே கேட்கவில்லை என்பது உறைத்தது. சத்தம் வந்திருக்க வேண்டிய நேரம் அது.

என் மனைவி ஜெயந்தி பள்ளி ஆசிரியை. காலையில் ஏழரைக்கு பஸ். ஆறு மணிக்கு வைத்த குக்கர் ஆறரைக்கும் ஓரமெல்லாம் ஆவியை விட்டுக்கொண்டு சும்மா நின்றது. அவள் சமையலறையை விட்டு வந்து, மேஜையில் இருந்த ஜன்னலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

நான் ஊர் திரும்பிய வாரமே எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் ஆகியிருந்தது. ஒரு வருஷம் இந்த ஒட்டுகிற வேலையைப் பார்ப்பது. வரப்போகும் ஆயுத பூஜைக்குள் ஆர்டர்கள் நிலையாக வரவில்லை என்றால், ஓசூர் பக்கம் ஒரு ஆலையில் ஷிஃப்ட் மேற்பார்வையாளர் வேலைக்குப் போவது. அங்கே என் பழைய சிநேகிதர் ஒருவர் எனக்காக இடம் பிடித்து வைத்திருந்தார். "ஆயுத பூஜை அன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள ஒரு போன் பண்ணுங்க, விஜயதசமி நல்ல நாள், அன்னிக்கே சேந்துடலாம்," என்று அவர் சொல்லியிருந்தார். மறுபடியும் பச்சை விளக்கு, மறுபடியும் நாற்காலி. அதை நினைத்தாலே எனக்கு முதுகு வலிக்கும். ஜெயந்திக்கு அது தெரியும். தெரிந்தும் ஒப்பந்தத்தை அவள் விடவில்லை. நானும் விடச் சொல்லவில்லை, நியாயம் அவள் பக்கம்தான். அன்றைக்குக் காலையில் அவள் அந்த ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசவே இல்லை. ஜன்னலைக் கையில் எடுத்து, அதன் வழியாக என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"விண்வெளியில குக்கர் விசில் அடிக்குதான்னு கேட்டுச் சொல்லுங்க. இங்க அடிக்கல."

டாக்குமெண்ட் பண்ணிக் குடுங்க

வேலை வீட்டை விழுங்க ஆரம்பித்ததும் அடுத்த தெருவில் மாடியறை ஒன்றை வாடகைக்குப் பிடித்தேன். கூட வேலைக்குப் பிலோமினா அக்கா வந்தார். இருபது வருஷம் அட்டைப்பெட்டி கம்பெனியில் ஒட்டியவர். என்னை விட ஏழெட்டு வயது பெரியவர், என்னைத் 'தம்பி' என்பார். அவர் ஒட்டினால் இரண்டு அட்டைகள் ஒன்றாகிவிடும். நான் ஒட்டினால் இரண்டு அட்டைகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்.

அப்படி இருக்கும்போதுதான் பொம்மனஹள்ளியிலிருந்து கார்த்திக் வந்தார். அங்கே ஒரு ஐ.டி. கம்பெனியில் அட்மின் மேனேஜர், சொந்த ஊர் தர்மபுரி. அவர்கள் வரவேற்பறையில் விண்கலத்தின் கட்டுப்பாட்டு மேஜை ஒன்று அலங்காரத்துக்கு வேண்டும். ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் முன்னால் வந்துவிட வேண்டும். சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு மேடம் வந்து பார்ப்பார், அவருக்குப் பிடித்தால் மற்ற மூன்று மாடிக்கும் ஒவ்வொன்று. எனக்கு அது ஒரு வருஷத்துக்கான சோறு. ஜெயந்தியிடம் நிமிர்ந்து நின்று காட்ட ஓர் ஆதாரம். சரி என்றேன்.

அதற்கப்புறம் நடந்த கூட்டங்களை எப்படிச் சொல்வது? ஒரு மேஜைக்கு நான்கு கூட்டம். ஒவ்வொரு கூட்டத்திலும் ஐந்து பேர். ஒருவர் "இன்னும் ஃப்யூச்சரா இருக்கணும்" என்றார். இன்னொருவர் "ரொம்ப ஃப்யூச்சரா இருந்தா ஜனங்க பயப்படுவாங்க" என்றார். ஒரு பெண் போன் சார்ஜ் பண்ண இடம் கேட்டார். எட்டு வரிசை, வரிசைக்கு எட்டு என்று அறுபத்து நாலு பட்டன்கள் வரைந்து காட்டியபோது, அறையில் இருந்த எல்லோரும் முன்னால் சாய்ந்து அதையே பார்த்தார்கள். பிடித்துவிட்டது என்று நினைத்தேன். கடைசியில் கார்த்திக் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"சூப்பர் சார். ஒவ்வொரு பட்டனும் என்ன பண்ணும்னு மட்டும் ஒரு டாக்குமெண்ட் பண்ணிக் குடுத்துடுங்க."

கரைந்த மூலை

இது நம் தொழிலில் எல்லோருக்கும் ஒரு தடவையாவது நடக்கும். ஸ்ப்ரே பெயிண்டை நேராகத் தெர்மகோலில் அடிக்கக் கூடாது. அதில் இருக்கும் திரவம் தெர்மகோலைத் தின்றுவிடும். முதலில் வெள்ளைப் பசையில் சுவருக்குப் பூசும் பட்டி மாவைக் கலந்து இரண்டு கை பூசி, நன்றாகக் காயவிட வேண்டும். இதைப் பிலோமினா அக்காவுக்கு மூன்று தடவை உட்கார வைத்துச் சொல்லியிருந்தேன், மூன்றாவது தடவை படம் போட்டு. அவர் ஒவ்வொரு தடவையும் "சரி தம்பி" என்று சொல்லிவிட்டு அழகாகப் பூசினார்.

மேஜை கிளம்புவதற்கு முந்தின நாள் இடது மூலை கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது. அந்த மூலை கதவில் இடிக்கிறது என்று காலையில்தான் நானே ஒரு விரல் அளவுக்கு வெட்டியிருந்தேன். வெட்டின இடத்தில் பூச்சு இல்லை என்பது என் மூளைக்கு வந்து சேர்வதற்கு முன்னால் விரல் ஸ்ப்ரேயை அழுத்திவிட்டது. மெல்லிசாக ஒரு சத்தம். மூலை தன்னைத் தானே உள்ளே இழுத்துக்கொண்டது. உள்ளங்கை அளவுக்குப் பள்ளம்.

அக்கா முட்டை அட்டையிலிருந்து ஆறு குழிகளை வெட்டி, பள்ளத்தின் மேல் மூடி மாதிரி வைத்து, ஓரத்தை ஒட்டி, கறுப்பு அடித்தார். இயந்திரத்தைக் குளிரவைக்கும் பகுதி மாதிரி அப்படியொரு கம்பீரம் வந்துவிட்டது. மேஜையிலேயே அழகான இடம் இப்போது அதுதான். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"மூணு தடவ சொன்னீங்களே தம்பி. அந்த ஸ்ப்ரே டப்பாவும் கேட்டுக்கிட்டுதான் இருந்துச்சு, அதுக்கும் மண்டையில ஏறல பாருங்க."

ஹொசூர் ரோட்டில் விண்கலம்

ஜீவனஹள்ளியிலிருந்து பொம்மனஹள்ளிக்குச் சரக்கு ஆட்டோவில் எடுத்துப் போனோம். ஓட்டியவர் சயீத் பாய், நான் மேஜையைப் பிடித்துக்கொண்டு பின்னால். மேஜையில் நிஜமாக வேலை செய்வது ஒன்றே ஒன்றுதான். பட்டன்களுக்குப் பின்னால் பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன விளக்குச் சரம். ஏதோ ஒரு பள்ளத்தில் ஆட்டோ இறங்கி ஏறியபோது அது தானாக எரிய ஆரம்பித்துவிட்டது. சிவப்பு, நீலம், சிவப்பு, நீலம். அதை அணைக்கும் சுவிட்ச் பின்பக்கம், பின்பக்கம் ஆட்டோவின் தடுப்போடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தது. முன்னால் போன நாலு வண்டிகள் ஒதுங்கி எங்களுக்கு வழி விட்டன. சயீத் பாய்க்கு அதில் ஏகப்பட்ட சந்தோஷம். "இந்த ரோட்டுல எனக்கு யாருமே வழி விட்டது இல்ல சார், இது இப்படியே இருக்கட்டும்," என்றார்.

அடுத்த சிக்னலில் ஒரு போக்குவரத்துக் காவலர் கையைக் காட்டினார். "ஏனு இது?" என்றார். விண்கலத்தின் கட்டுப்பாட்டு மேஜை என்று நல்ல கன்னடத்தில் சொன்னேன். எந்தக் கன்னட வாத்தியாரும் மெச்சியிருப்பார். காவலர் மெச்சவில்லை. ஆட்டோவை ஒரு சுற்று சுற்றி வந்தார். மூன்றாவது வரிசையில் ஒரு பட்டனை அமுக்கினார். கொஞ்ச நேரம் காத்திருந்தார். ஒன்றும் ஆகவில்லை. இன்னொன்றை அமுக்கினார். எனக்குப் பின்னால் ஹாரன்கள் சேர்ந்து அலறின. கடைசியில், என் கன்னடத்தை நம்பாமலோ என்னவோ, தமிழில் சொன்னார்:

"மேல ஓட்டறதா இருந்தா எனக்கு சம்பந்தம் இல்ல. ஹொசூர் ரோட்டுல இருக்கற வரைக்கும் மேல ஒரு துணியப் போட்டு மூடுங்க."

லிஃப்ட் வரவில்லை

மேஜையை எங்கே வைப்பது என்று முடிவு செய்ய ஐந்தாவது கூட்டம் நடந்தது. லிஃப்டுக்குப் பக்கத்தில் என்று தீர்மானித்தார்கள். வேண்டாம் என்று சொன்னேன். அங்கேதான் வெளிச்சம் நன்றாக விழுகிறது என்றார்கள்.

வைத்த மூன்றாம் நாள் பட்டன் ஒன்று கழன்றுவிட்டது என்று ஒட்டப் போனேன். ஒன்று அல்ல, ஏழு. அந்தக் கட்டிடத்தில் இருப்பவர்கள் எல்லோரும் கணினியோடு வாழ்கிறவர்கள். ஒரு பட்டனைப் பார்த்தால் அமுக்காமல் போக அவர்களால் முடியாது. சோதனைப் பிரிவில் வேலை செய்யும் ஒரு பெண் வரிசையாக அறுபத்து நாலையும் அமுக்கி, எதுவும் நடக்கவில்லை என்று அறுபத்து நாலு வரி எழுதி கார்த்திக்குக்கு அனுப்பியிருந்தார். தப்புச் சொல்ல முடியாது, அவர் எழுதியது அத்தனையும் உண்மை. நான் தரையில் உட்கார்ந்து பசையைச் சூடாக்கிக்கொண்டிருக்கும்போது வாசல் காவலாளி குனிந்து என் காதில் சொன்னார்:

"சார், திரும்பாதீங்க. பின்னாடி மூணு பேரு பத்து நிமிஷமா லிஃப்டுக்கு நிக்கறாங்க, உங்க பட்டன அமுக்கிட்டு."

சந்தனம்

ஆயுத பூஜைக்கு முந்தின நாள். பெங்களூரில் அலுவலகங்களுக்கு அன்றைக்குத்தான் பூஜை, அடுத்த இரண்டு நாள் விடுமுறை. பதினொரு மணிக்குக் கார்த்திக்கிடமிருந்து போன். "சார், கொஞ்சம் வாங்க. ஒண்ணும் ஆகல. ஆனா வாங்க." ஒன்றும் ஆகவில்லை என்று யாராவது சொன்னால் ஏதோ ஆகியிருக்கிறது என்று அர்த்தம், பசைத் துப்பாக்கியையும் ஒரு துணியையும் பையில் போட்டுக்கொண்டேன். போய்ப் பார்த்தேன்.

அறுபத்து நாலு பட்டன்களுக்கும் சந்தனம், அதன் மேல் குங்குமம். ஒன்றைக்கூட விடவில்லை. முட்டை அட்டைக் குழிகள் ஆறுக்கும் தனித்தனியாகப் பொட்டு. நெற்றி மாதிரி இருந்த மேல் பகுதியில் மூன்று விபூதிப் பட்டை. இரண்டு பக்கமும் வாழைக்கன்று, அதைக் கட்டின கயிறு, மேஜையின் பக்கவாட்டில் நான் ஒட்டியிருந்த யோகா மேட்டுக்குள் ஓர் அங்குலம் இறங்கியிருந்தது. சக்கரம் இல்லாததால் நாலு மூலைக்கும் அடியில் எலுமிச்சம்பழம். சுவிட்சைத் தேடிப் பிடித்து விளக்கையும் அணைத்திருந்தார்கள். மேஜைக்கு முன்னால் தரையில் துப்புரவு இயந்திரம், தோட்டத்துக் கத்தரி, எலக்ட்ரீஷியனின் பை, பக்கத்திலேயே வரிசையாகப் பொட்டு வைத்த மடிக்கணினிகள். முதல் மடிக்கணினி கார்த்திக்குடையது. "மேடம் அடுத்த வாரம் வர வேண்டியவங்க, இன்னிக்கு மூணு மணிக்கே வர்றாங்களாம்," என்றார் அவர், நெற்றியில் புதுக் குங்குமத்தோடு.

நான் துப்புரவு மேற்பார்வையாளர் மங்களாவைத் தேடிப் பிடித்தேன். கிருஷ்ணகிரிக்காரர், பூஜை ஏற்பாடு எல்லாம் அவர்தான்.

"மங்களா, இது பொய்ம்மா. அட்டை. தெர்மகோல். இதுக்கு எதுக்குப் பூஜை?"

"தெரியும் சார். தினமும் தொடைக்கிறவ நான். அந்த மூலையில முட்டை அட்டை வச்சிருக்கீங்க, அது வரைக்கும் தெரியும்."

"அப்புறம்?"

"வேலை செய்யலன்னா எதுக்கு சார் பொட்டு வைக்கப் போறோம்? அந்த சோபாவுக்கு வச்சமா?"

"இது என்ன வேலை செய்யுது, நீங்களே சொல்லுங்க."

அவர் லிஃப்டைக் காட்டினார். "முன்னெல்லாம் போனப் பாத்துக்கிட்டே வந்து லிஃப்டுக்குள்ள போயிடுவாங்க. இப்ப நிக்கறாங்க. அமுக்கறாங்க. என்கிட்ட வந்து, 'அக்கா இது என்ன'ன்னு கேக்கறாங்க. ஆறு வருஷமா இங்க இருக்கேன், என்கிட்ட யாரும் எதுவும் கேட்டது இல்ல சார்."

பையிலிருந்து துணியை எடுத்து நனைத்தேன். மணி பன்னிரண்டு ஆகிக்கொண்டிருந்தது, மஞ்சள் கலந்த சந்தனம் வெள்ளிப் பெயிண்டில் ஊறினால் போகவே போகாது. துணியோடு மேஜையை நெருங்கினேன். மங்களா குறுக்கே வந்து நின்றார். காவலாளியும் வந்தார். கார்த்திக்கைப் பார்த்தேன். தர்மபுரிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். மங்களா சத்தம் போடவில்லை. குழந்தை தூங்குகிறது என்று சொல்கிற குரலில் சொன்னார்:

"தொடாதீங்க சார். பூஜை முடிஞ்சிருச்சு. விஜயதசமி முடியற வரைக்கும் அதுக்கு லீவு."

மேடம் வந்தார்

மூன்று மணிக்கு மேடம் வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும், காட்டன் புடவை, வேக நடை. நான் வாழைக்கன்றுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். ஒளிந்துகொண்டேன் என்றும் சொல்லலாம். லிஃப்ட் பட்டனை அமுக்கப் போனவர் கை எங்கே போயிற்று என்று நினைக்கிறீர்கள்? நாலாவது வரிசை, இரண்டாவது பட்டன். விரலில் குங்குமம் ஒட்டிக்கொண்டது. அதைப் பார்த்தார். மேஜையைப் பார்த்தார். விபூதிப் பட்டையைப் பார்த்தார். என் ஒரு வருஷம் அந்த விரல் நுனியில் நின்றுகொண்டிருந்தது.

"இதுதான் அந்த விண்கலமா? லைட்டெல்லாம் எரியும்னு எழுதியிருந்தீங்களே, ஏன் ஆஃப்ல இருக்கு?" என்று கார்த்திக்கைக் கேட்டார். கார்த்திக் என்னைத் தேடினார். நான் வாழையிலையோடு வாழையிலையாக இருந்தேன். மங்களா அந்தப் பக்கம் சுவரோரமாக நின்று, மேடத்தையே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழி தெரியாமல் கார்த்திக் உண்மையைச் சொன்னார். "இன்னிக்கு அதுக்கு லீவு மேடம்."

மேடம் சிரிக்கவில்லை. விரலில் இருந்த குங்குமத்தைத் துடைக்காமல் நெற்றியில் இட்டுக்கொண்டார். "யார் லீவு குடுத்தது?" என்றார். மங்களாவைக் காட்டினார்கள். மேடம் அவரிடம் போய், இது என்ன, அது என்ன, எலுமிச்சம்பழம் எதற்கு என்று ஐந்து நிமிஷம் கேட்டார். மங்களா ஒவ்வொன்றாக விளக்கினார், முட்டை அட்டை உட்பட. பிறகு மேடம் படியேறி மேலே போய்விட்டார். திரும்பிப் போகும்போது மூன்று மாடி ஆர்டர் பற்றிக் கார்த்திக் கேட்டதற்கு, "மெயில் போடறேன்," என்றார். மெயில் வந்தால் படிக்க வேண்டிய மடிக்கணினி பொட்டு வைத்துக்கொண்டு தரையில் இருந்தது. அலுவலக மெயில் போனில் வராது, பாதுகாப்பு விதியாம். இரண்டு நாளைக்கு அதைத் திறக்க மாட்டேன் என்று கார்த்திக் கையை விரித்தார். என் கெடு ஒரே நாள்தான். மேடம் சொன்னதில் ஏதாவது குறிப்பு இருக்கிறதா என்று திரும்பத் திரும்ப யோசித்தேன். வாசலைத் தாண்டும்போது அவர் மேஜையைத் திரும்பிப் பார்த்துச் சொன்னது இவ்வளவுதான்:

"இந்த பில்டிங்குல இது ஒண்ணுக்காவது ஒழுங்கா லீவு கிடைக்குதே."

எங்கள் வீட்டுப் பூஜை

மறுநாள் வீட்டில் பூஜை. பதினாறு வருஷம் இந்த நாளில் நான் ஊரில் இருந்ததில்லை. என்னென்ன வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஜெயந்தி தன் சிவப்புப் பேனாக்களை வைத்தாள், கத்தி, கத்தரிக்கோல், ஸ்கூட்டர் சாவி வைத்தாள், புது வளையம் போட்ட குக்கரையும் தூக்கி வைத்தாள். பொம்மனஹள்ளியில் நடந்ததை முந்தின நாளே சொல்லியிருந்தேன். சோபா விஷயத்துக்கு மட்டும் சிரித்தாள். மங்களா சொன்னதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். இப்போது குக்கரை வைத்த கையோடு, "அந்தப் பசைத் துப்பாக்கிய எடுத்துட்டு வாங்க," என்றாள். நூல் நூலாகப் பசை தொங்கிக்கொண்டிருந்ததைக் கொண்டுவந்து கொடுத்தேன். அதைச் சுரண்டிச் சுத்தம் செய்து, பொட்டு வைத்து, குக்கருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

மணி ஐந்து. மெயில் வந்ததா இல்லையா என்று தெரிய வழியே இல்லை. ஒப்பந்தம் ஒப்பந்தம்தான், ஆறு மணிக்குள் ஓசூர் சிநேகிதருக்குப் போன் செய்து வருகிறேன் என்று சொல்ல வேண்டும். போனைத் தேடினேன். மேஜையில் இல்லை, சட்டைப் பையில் இல்லை. சாமி படத்துக்கு முன்னால், ஒரு செவ்வந்திப் பூவின் கீழ், திரை நடுவில் குங்குமப் பொட்டோடு கிடந்தது. "ஓசூருக்கு இன்னிக்குள்ள பதில் சொல்லணுமே," என்றேன். ஜெயந்தி சுண்டலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை. "உன் போனைக் குடு," என்றேன். அவளுடையதும் அங்கேதான் இருந்தது, என் போனுக்கு அடியில். துருவுவதை நிறுத்தாமல் சொன்னாள்:

"போனுக்கும் லீவுங்க. விஜயதசமி முடிஞ்சதும் கூப்பிட்டு, வரலன்னு சொல்லிடுங்க."

விடுமுறை முடிந்து கார்த்திக் மடிக்கணினியைத் திறந்தார். இரண்டு மாடிக்குச் சம்மதம், மூன்றாவது மாடி பிறகு பார்க்கலாம், ஒரே நிபந்தனை, லிஃப்ட் பக்கம் வைக்கக் கூடாது. பட்டன்களைத் துடைக்க எனக்கும் பிலோமினா அக்காவுக்கும் இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாவது வரிசையில் மஞ்சள் இன்னும் போகவில்லை, மங்களா அதைத் துடைக்க விடுவதுமில்லை. பதினாறு வருஷம் ஓடுகிற இயந்திரங்களுக்கு முன்னால் உட்கார்ந்து ஓர் ஆயுத பூஜைக்குக்கூட லீவு வாங்கத் தெரியாத நான், ஓடாத ஒன்றை அட்டையில் செய்து அதற்கு மூன்று நாள் லீவு வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.